நான் எழுபதுகளில் சமைக்கிறேன்

சினிமாக்காரர்கள் வந்து சொல்லும்வரை நான் எந்தக் காலத்தில் வாழ்கிறேன் என்பது எனக்கே சரியாகத் தெரியாது. சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்து, இந்த வருஷம்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சிங்காநல்லூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ஒரு தெருவில் எங்கள் வீடு. மில்லில் வேலை பார்த்தபோது என் மாமனார் கட்டியது. என் வீட்டுக்காரர் இரண்டு தெரு தள்ளி லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். பம்பு, மோட்டார், மிக்ஸி, கிரைண்டர், எது வந்தாலும் பிரித்துப் போட்டு, மாட்டி, ஓட வைத்து அனுப்பிவிடுவார். ஊருக்கு இது பெரிய வரம். பெண்டாட்டிக்குப் பெரிய தண்டனை. எங்கள் வீட்டில் ஒரு சாமான் கெட்டுப்போனது, தூக்கிப் போட்டோம், புதிது வாங்கினோம் என்ற பேச்சே கிடையாது. மிக்ஸி மோட்டாருக்கு நான்கு தடவை கம்பி சுற்றிப் புதுக் காயில் கட்டியாகிவிட்டது. அதன் மூடி வேறொரு மிக்ஸியுடையது, ஜாரின் கைப்பிடி அவரே லேத்தில் கடைந்தது. நான் வாயைத் திறந்தால் அவரிடமிருந்து வருவது ஒரே பதில்தான்.

"நல்லாத்தானே இருக்குது, அம்மணி?"

இந்த "நல்லாத்தானே இருக்குது"வைக் கேட்டுக் கேட்டு என் கல்யாண வாழ்க்கையில் இருபத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது. மற்றதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். சமையலறைதான் என்னால் தாங்க முடியாதது. இரண்டு பக்கமும் வேறு அறைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட அறை அது. பின்சுவரில் ஒரு காலத்தில் ஜன்னல் இருந்ததாம். மழைச்சாரல் அடிக்கிறது என்று அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, வெளிப்பக்கம் பழைய மோட்டார் சாமான் வைக்க இரும்பு ரேக் நிறுத்திவிட்டார் என் வீட்டுக்காரர். பல்பு வாசற்படிக்கு மேலே இருக்கிறது. அடுப்பைப் பார்த்து நின்றால் வெளிச்சம் முதுகில்தான் விழும். இருபத்தெட்டு வருஷமாக நான் என் நிழலுக்குள் நின்றுதான் சமைத்துக்கொண்டிருக்கிறேன்.

கெஞ்சி, சண்டை போட்டு, நான்கு நாள் பேசாமல் இருந்து, கடைசியில் ஒரு வழியாகச் சம்மதம் வாங்கினேன். ஜன்னலைத் திறப்பது, மேடையை மாற்றுவது, டைல்ஸ் ஒட்டுவது. கொத்தனார் திங்கட்கிழமை வருவதாகப் பேச்சு. வெளிர் மஞ்சள் டைல்ஸ்கூடப் பார்த்து வைத்துவிட்டேன்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை ஒருவர் பட்டறைக்கு வந்து, கறுப்பில் உருண்டையாக, தட்டினால் டக்கென்று சத்தம் வருமே, அந்தப் பழைய ஸ்விட்ச் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். ஏதோ சினிமாவுக்காம். எண்பதுகளில் நடக்கும் கதையாம்.

"அது என்ற ஊட்டுலயே இருக்குதுங்களே. வாங்க, காட்டறேன்" என்று இவர் கையோடு கூட்டிவந்துவிட்டார்.

வந்தவர் லொக்கேஷன் மேனேஜர். கூடவே ஆர்ட் டிபார்ட்மெண்ட் பெண் ஒருத்தி. உள்ளே கால் வைத்ததும் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பல்லியைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது என்று நான் விளக்குமாற்றை எடுக்கப் போனேன்.

"சார், இதெல்லாம் ஒரிஜினலா?"

"ஒரிஜினல்தானுங்க. எல்லாமே ஓடுதுங்க" என்றார் இவர்.

அவள் அறை அறையாகப் போனாள். நாடி பிடிக்கும் வைத்தியர் மாதிரி சுவரைத் தொட்டாள், கதவைத் தொட்டாள், போட்டோ எடுத்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள். படுக்கையறை எண்பதுகள். பச்சை பீரோ, மடக்கு நாற்காலி, ஸ்விட்ச் போர்டு எல்லாம் பக்கா. ஹால் தொண்ணூறுகள். கண்ணாடி வைத்த ஷோகேஸும், அதற்குள் பிளாஸ்டிக் பூவும், முதுகு துருத்திய டிவியும் சாட்சி. கடைசியாகச் சமையலறை வாசலில் நின்றாள். கண் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இது எழுபதுகள் சார். ஒரு பொருள்கூட மாறல."

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பட்டமளிப்பு விழா மேடையில் நிற்பவர் மாதிரி இருந்தார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த மனுஷன் எண்பதுகளில் தூங்குகிறார். தொண்ணூறுகளில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார். நான் எழுபதுகளில் சமைக்கிறேன். மூன்று பத்தாண்டுகளைத் தாண்டிப் போய் அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு வருகிறேன்.

"திங்கட்கிழமை கொத்தனார் வாரார்" என்றேன் சத்தமாக.

ஆர்ட் டிபார்ட்மெண்ட் பெண் அலறிவிட்டாள். "ஐயோ மேடம், ஒரு ஆணிகூடப் பிடுங்காதீங்க!"

கொத்தனாரை இவரே போனில் கூப்பிட்டு, பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். அவர் நல்லாத்தானே இருக்குது என்று குடித்துவிட்டு எழுந்துபோனார்.

பத்து நாள் ஷூட்டிங். மில் தொழிலாளி ஒருவருடைய குடும்பக் கதை. அவருக்கு மனைவியாக நடித்த பெண் மெட்ராஸ்காரி, நல்ல மாதிரி. நான் ஒரு சமயம் ஆசையாக வாங்கி மாட்டியிருந்த வெள்ளை பல்பைக் கழற்றிவிட்டு, மஞ்சள் குண்டு பல்பை மாட்டினார்கள். எங்கேயும் போய்த் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கடை ஒன்றை மூடும்போது இவர் பெட்டியோடு வாங்கி வைத்திருந்தார். கேமராமேன் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மேடம், இந்த இருட்டு செட் போட்டாக் கிடைக்காது."

நான் அந்த இருட்டை அவர் மடியிலேயே கட்டி அனுப்பத் தயாராக இருந்தேன்.

நடிகைக்கு எங்கள் ஊர்ப் பேச்சு சொல்லித்தரும் வேலை என் தலையில் விழுந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, அவள் புருஷனை "ஏனுங்க" என்று கூப்பிட வேண்டும். அவள் கூப்பிட்டால் "ஏன் சார்?" என்று காரணம் கேட்பது போலவே இருந்தது. அதில் கேள்வி கிடையாது, கண்ணு, பெயர் சொல்லாமல் கூப்பிடுவது அப்படித்தான் என்று விளக்கினேன். காப்பிக்குக் கூப்பிடும்போது ஒரு இழுப்பு, பால் பொங்கும்போது ஒரு வெட்டு, சொந்தக்காரர் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது ஒன்று என்று எல்லாவற்றையும் சொல்லிக் காட்டினேன். இரண்டே நாளில் அவள் பிடித்துக்கொண்டாள். கோபிசெட்டிபாளையத்தில் பிறந்த எனக்கே பொறாமையாக இருந்தது.

மூன்றாம் நாள் அந்தக் காட்சி. அவள் சமையலறைக்குள்ளிருந்து "ஏனுங்க" என்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். கதையில் புருஷன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கக்கூடாது. நடிக்கும்போதே பேச்சையும் பிடித்துவிடுகிற படம் என்பதால் தெருவில் ஈ பறந்தாலும் அதில் கேட்கும் என்றார்கள். எல்லாரும் மூச்சுவிடாமல் நின்றோம்.

"ஏனுங்க" என்றாள் அவள்.

"ஏனு, அம்மணி?" என்று வாசல் கேட்டுக்கு வெளியிலிருந்து ஒரு குரல். என் வீட்டுக்காரர்.

மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை இவர் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "ஏனுங்க" என்றதும் எதிர்வீட்டுக்காரர், மில்லில் ஓய்வுபெற்றவர், மாடியிலிருந்து "வாரேன் வாரேன்" என்றார். மூன்றாம் தடவை பக்கத்துச் சந்தில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த யாரோ முகம் தெரியாத மனிதர் பிரேக் பிடித்து நின்று, "என்னையங்களா?" என்றார்.

உதவி இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், உங்களைக் கூப்பிடல சார், ப்ளீஸ்."

"தெரியுதுங்க. ஆனாக் கூப்புட்டாங்கன்னா என்னன்னு கேக்கோணுமுல்லங்க?" என்றார் இவர், மிகுந்த நியாயத்தோடு.

கடைசியில் தெருவிலிருந்த கல்யாணமான ஆண்களையெல்லாம் முனையிலுள்ள பேக்கரிக்கு டீ குடிக்க அனுப்பிவைத்த பிறகுதான் அந்தக் காட்சி முடிந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று இருந்தது. முன்பின் தெரியாத ஒருத்தி ஒரு தடவை கூப்பிட்டதும் ஓடிவருகிற மனுஷன், நான் அந்த ஜன்னலுக்காக எத்தனை ஏனுங்க போட்டிருப்பேன்?

கிளம்பும் முன் அந்த நடிகை, இந்த இருட்டில் அரிசியில் கல் எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டாள். பார்க்க முடியாது, முறத்தை எடுத்துக்கொண்டு புழக்கடைப் படிக்குப் போவேன், பார்த்துவிட்டு உள்ளே வருவேன், பருப்புக்கு மறுபடி போவேன் என்றேன். அவள் அதை இயக்குநரிடம் சொல்லி, அப்படியே செய்து காட்ட, அவர்கள் அதைப் படம் பிடித்தார்கள். அந்த நேரத்தில் இவர் பட்டறையில் இருந்தார்.

ஷூட்டிங் முடிந்ததே தவிர என் கொத்தனார் வரவில்லை. விட்டுப்போன காட்சிகளை எடுக்க மறுபடி வருவோம், அதுவரை எதையும் மாற்றாதீர்கள், கண்டினியூட்டி போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவருக்கு அந்தச் சொல் வெல்லக்கட்டி மாதிரி இனித்தது. ஆயுள் முழுக்கத் தான் செய்துவந்த காரியத்துக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. உப்பு ஜாடியை நான் நகர்த்தினால் "கண்டினியூட்டி, அம்மணி" என்பார். ஒட்டடை அடிக்கப் போனால் கண்டினியூட்டி. பெரிய மகள் பெங்களூரிலிருந்து வந்தபோது, "அம்மா ஏன் இளைச்சுட்டாங்க?" என்று கேட்டாள். அதையும் கண்டினியூட்டிக் கணக்கில் ஒரு குறையாகத்தான் அவர் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அவர்கள் வந்து போனதும் இன்னொரு கம்பெனி வந்தது. இது தொண்ணூறுகளின் கதை, ஹால் மட்டும் போதுமாம். கருமத்தம்பட்டியில் தறி வைத்திருக்கும் ஒரு மாமாவாக ஒரே ஒரு காட்சியில் நடிக்க என் வீட்டுக்காரரையே கேட்டார்கள். பெண் கேட்டு வந்த கதாநாயகனைப் பார்த்து "வெளிய போடா" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இவர் வெள்ளை வேட்டி கட்டி, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, கையை நீட்டி முழங்கினார்.

"வெளிய போங்க!"

"சார், 'போடா' சார். மரியாதை வேண்டாம்."

"சரிங்க" என்றார். கேமரா ஓடியது. "வெளிய போடாங்க!"

ஏழு தடவை எடுத்தார்கள். எப்படிப் பிடுங்கிப் போட்டாலும் அந்த "ங்க" வேறொரு இடத்தில் முளைத்தது. "மொதத்தடவ ஊட்டுக்கு வந்த பையனை எப்படிங்க வாடா போடான்னு பேசறது?" என்று இயக்குநரிடமே கேட்டார். பாவம், அந்த வேஷம் வேறு யாருக்கோ போய்விட்டது. வேட்டியை மட்டும் அன்றைக்கு முழுதும் அவிழ்க்கவில்லை.

இப்படி ஒன்றரை வருஷம் போனது. நான் பார்த்து வைத்த மஞ்சள் டைல்ஸ் இப்போது வருவதில்லை என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாவதாக ஒரு இளைஞர் கூட்டம் வந்தது. இவர் உற்சாகமாகக் கதவைத் திறந்துவிட்டு, பழக்கமான வழிகாட்டி மாதிரி ஆரம்பித்தார். "இக்கட்டால எம்பதுங்க. அக்கட்டால தொண்ணூறு. உங்க கதை எந்த வருசத்துதுங்க?"

"இந்த வருஷம்தான் சார்."

"இந்த வருசமா? அப்பறம் என்ற ஊடு எதுக்குங்க?"

"ஹீரோவோட வீடு சார். ரொம்பக் கஷ்டப்படுற குடும்பம். நாங்க எதுவுமே செய்ய வேண்டியதில்ல சார், அப்படியே இருக்கு."

காட்டிக்கொண்டிருந்த கையை இவர் இறக்கிவிட்டார். நான் சமையலறை வாசலில் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். கோபம் வந்தாலும் மரியாதை குறையாத ஊர் இது. இவர் அவர்களை உட்காரவைத்து, காப்பி கொடுக்கச் சொல்லி, அவர்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார். "இப்பத்திக்கு ஆகாதுங்க, தம்பி. ஊட்டுல வேலை நடக்கப் போகுதுங்க."

வேலை! சினிமா செய்த புண்ணியம் என்று அந்தப் பையன்களை மனதுக்குள் வாழ்த்தினேன்.

அடுத்த வாரம் பெயின்டர் வந்தார். முன்சுவருக்கு வெளிர்நீலம், கேட்டுக்கு வெள்ளி நிறம்.

"சமையக்கட்டுங்க?" என்றேன்.

"அது ஆருக்குத் தெரியப் போகுது, அம்மணி? நல்லாத்தானே இருக்குது."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக, இது நடக்கவே நடக்காது என்று எனக்குத் தோன்றியது. சண்டை போடக்கூட மனமில்லை. இந்த நிழலிலேயே நின்று கிழவியாகிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு பருப்பைக் கடைந்தேன்.

அந்த மாதத்தில்தான் எண்பதுகளின் படம் வெளியானது. எங்களுக்கு டிக்கெட் அனுப்பியிருந்தார்கள். பகல் காட்சி. இவர் சலவைச் சட்டை போட்டு, பட்டறைக்கு விடுமுறை விட்டு, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் "என்ற ஊடு சினிமாவுல வருதுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். திரையில் பீரோ வந்தபோது என் கையைத் தட்டினார். ஸ்விட்ச் டக்கென்றபோது பக்கத்து இருக்கைக்காரரையே தட்டிவிட்டார்.

பிறகு சமையலறை வந்தது.

அவ்வளவு பெரிய திரையில் அவ்வளவு இருட்டு. மூலையில் அடுப்பு மட்டும் நீலமாக எரிந்தது. அந்தப் பெண் முறத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், தூரப் பிடித்தாள், பக்கவாட்டில் சாய்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. எடுத்துக்கொண்டு புழக்கடைப் படிக்கு நடந்தாள். குனிந்து கல் பொறுக்கினாள். உள்ளே வந்தாள். பருப்புத் தட்டை எடுத்தாள். மறுபடி நடந்தாள். யாரும் எதுவும் பேசாத மூன்று நிமிஷம். எனக்கு என் முதுகையே பார்ப்பது போலிருந்தது.

பின்வரிசையில் ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். "பாவம், அந்தக் காலத்துப் பொம்பளைங்க எப்படித்தான் இதுலயெல்லாம் சமைச்சாங்களோ!"

அன்று காலைதான் நான் அதே படியில் உட்கார்ந்து துவரம்பருப்பு பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீயும் இப்படித்தான் வெளிய போய்ப் பாக்கறயா, அம்மணி?"

"ஆமாங்க."

"எப்பவாச்சியுமா?"

"தினமுங்க. கீரை வாங்கினா மூணு தடவை."

அதற்குப் பிறகு அவர் யாரையும் தட்டவில்லை. இடைவேளையில் பாப்கார்ன் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. படம் முடிந்து லொக்கேஷன் மேனேஜர் வந்து கை குலுக்கியபோது, "நல்லா இருந்துதுங்க" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தார். அவர் அந்த அறைக்குள் வருவதே கேஸ் சிலிண்டர் மாற்றத்தான். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நான் நிற்கும் இடத்தில் நின்று, அடுப்பைப் பார்த்துத் திரும்பி, பேப்பரை விரித்தார். பக்கத்தில் பிடித்தார். தூரப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"ஒண்ணுமே தெரியலயே, அம்மணி."

"எனக்கும் தெரியாதுங்க. அதைத்தானுங்க சொல்லிட்டிருந்தேன்."

"நீ டைல்ஸு வேணும், ஜன்னல் வேணும்னுதான சொன்ன? நான் சோக்குக்குக் கேக்கறயாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் என்று சொன்னால் பொய். கோபத்தில்தான் வந்தது. இத்தனை வருஷம் நான் வாயால் சொன்னது இவர் காதில் ஏறவில்லை. எவளோ ஒருத்தி சம்பளம் வாங்கிக்கொண்டு மூன்று நிமிஷம் செய்து காட்டினால் உடனே புரிந்துவிடுகிறது. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். ஒரு "ங்க"கூடப் போடாமல் சொன்னேன்.

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் புழக்கடைக்குப் போனார். இரும்பு ரேக்கிலிருந்து பழைய மோட்டார்களை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. ரேக்கை இழுத்து நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு சாக்கட்டியோடு உள்ளே வந்து, அடைத்த சுவருக்கு முன்னால் நின்றார்.

"எவ்வளவு பெரிசு வேணும், அம்மணி? காட்டு, கோடு போட்டுக்கறேன்."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்தேன். போதாது என்று தோன்றியது. இன்னும் விரித்தேன். விரல்கள் இரண்டு பக்கச் சுவரிலும் இடித்தன.